சீயக்காய், அரப்பு, நலங்கு மாவு: பல வருடப் புழக்கத்தில் எனக்குத் தெரிந்தவை

ஷாம்புவை விட்டு சீயக்காய்க்கு வந்து வருடக்கணக்காகிறது. கேட்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "முடி வளர்ந்துச்சா?" இல்லை. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். அந்த வளர்ச்சி தோலுக்குள்ளே வேரில் நடப்பது. மேலே தேய்த்து ஐந்து நிமிடத்தில் கழுவிவிடும் பொடிக்கு அங்கே வேலையே இல்லை. எனக்குக் கிடைத்த பலன் வேறு. தலை அரிப்பு நின்றது. நுனி பிளந்து உடைவது குறைந்தது. குளித்த மறுநாளே தலை பிசுபிசுக்கும் தொல்லையும் போனது. இதற்கு மேல் எதிர்பார்த்து ஆரம்பிப்பவர்கள் இரண்டே மாதத்தில் ஏமாந்து விட்டுவிடுவார்கள்.

சீயக்காய் நுரைப்பதற்கும் அழுக்கை எடுப்பதற்கும் காரணம் அதில் இருக்கும் சபோனின். பூந்திக்கொட்டையிலும் அதுதான். அதுவும் ரசாயனம்தான், செடி தயாரித்த ரசாயனம். "கெமிக்கலே இல்லை" என்று சொல்லி விற்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். அதே சபோனின் கண்ணில் பட்டால் எரிந்து தள்ளும், பிள்ளைகளுக்குத் தேய்க்கும்போது கவனம் வேண்டும்.

நான் அரைக்கும் கணக்கு இது. சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் நூறு கிராம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை நூறு கிராம், பூலாங்கிழங்கு ஐம்பது கிராம். செம்பருத்தி இலை, கறிவேப்பிலை, ஆவாரம்பூ மூன்றும் நிழலில் காய்ந்தவை, கைப்பிடி கைப்பிடியாக. பூந்திக்கொட்டையை இதற்கு மேல் கூட்டினால் நுரை நன்றாக வரும், ஆனால் முடி நார் மாதிரி ஆகிவிடும். வெந்தயமும் செம்பருத்தியும் கொழகொழப்புக்காக. அது முடி மேல் வழுக்கலாகப் படிவதால் சிக்கு எடுக்கச் சுலபம்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காய வைத்து, ஒடித்தால் சடக்கென்று உடையும் பதத்தில் மில்லுக்குக் கொண்டு போக வேண்டும். எல்லா மில்லிலும் அரைக்க மாட்டார்கள். சீயக்காய்க்குத் தனி மிஷின் இருக்கிற இடமாகப் பார்த்துப் போங்கள். மிளகாய் அரைத்த மிஷினில் அடுத்ததாக இதைப் போட்டால் உச்சந்தலை என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எங்கள் மில்காரர், "சீயக்காய்னா சாயங்காலமா வாங்கக்கா" என்பார். பகலில் அரைத்தால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் தும்மித் தீர்ப்பார்கள். அரைத்த மாவு சூடாக இருக்கும்போதே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி தட்டிவிடும், ஆறவிட்டு மூட வேண்டும்.

பொடியைத் தண்ணீரில் கரைப்பதை விட சாதம் வடித்த கஞ்சியில் கரைப்பது எவ்வளவோ மேல். கஞ்சியில் பொடி சீராகக் குழையும், வழியாமல் தலையில் நிற்கும். குக்கர் சாதம் வந்தபின் கஞ்சிக்கு எங்கே போவது என்பவர்கள் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரைக் கொதிக்கவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கரைத்ததை ஒரு பழைய வேட்டித் துணியில் வடிகட்டித் தேய்த்தால், அப்புறம் இரண்டு நாளைக்குத் தலையிலிருந்து திப்பி உதிராது. இந்த ஒரு வேலையைச் சோம்பேறித்தனத்தில் விடுகிறவர்கள்தான் சீயக்காயைத் திட்டுகிறார்கள்.

இனி தண்ணீர் விஷயம். யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் பலனில் பாதி இதில்தான் இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்தவள். அங்கே எங்களுக்கு சீயக்காயை விட அரப்புதான். உசில மரத்து இலையைக் காய வைத்துப் பொடித்தது. எண்ணெய் தேய்த்த தலைக்கு அரப்பைப் போட்டால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும், குளிர்ச்சி மட்டும் நிற்கும். கல்யாணமாகிச் சென்னைப் புறநகருக்கு வந்தேன். அதே அரப்பு, அதே கை. ஆனால் போர் தண்ணீரில் தலை காய்ந்ததும் வைக்கோல் போல விறைத்தது. மாமியாரோ, "அது ஊர்ப் பொடிம்மா, இந்த ஊருக்கு ஒத்து வராது" என்று முடித்துவிட்டார். பொடியில் கோளாறு இல்லை. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முடி மேல் படிகின்றன, எதைப் போட்டுக் குளித்தாலும் சொரசொரப்பு வரும். இப்போது தேய்ப்பதும் அலசுவதும் போர் தண்ணீரில்தான், கடைசி இரண்டு மூன்று சொம்பு மட்டும் கேன் தண்ணீர். கேனுக்குக் காசு கொடுத்துத் தலைக்கு ஊற்றுவதா என்று வீட்டில் முணுமுணுப்பு உண்டு. ஆனால் வித்தியாசம் கைக்குத் தெரிகிறது. அரப்பு மட்டும் இந்த ஊரில் எனக்கு இன்னும் முழுதாகச் சரிப்படவில்லை, ஊருக்குப் போகும்போது மட்டும்தான்.

எண்ணெய் பற்றி ஒன்று. முடி ஈரத்தில் ஊறி ஊறிப் புரதம் இழப்பதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அந்த அளவுக்குச் செய்வதில்லை என்று 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று சொல்கிறது. தலைக்குக் குளிப்பதற்கு முன் தேய்ப்பதில் அர்த்தம் இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான். ஆனால் பொடுகு இருப்பவர்கள் எண்ணெயை ஊற வைத்து உட்கார வேண்டாம். பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசீசியா பூஞ்சை எண்ணெயில் இருக்கும் கொழுப்பைத் தின்றுதான் வாழ்கிறது. என் தங்கைக்கு வேப்பிலை, தயிர், எலுமிச்சை எல்லாம் தோற்றுப்போய், தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த கீட்டோகோனசோல் ஷாம்புவில்தான் அடங்கியது. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டினாலும் மருத்துவரிடம்தான் போக வேண்டும். காய்ச்சலோ பிரசவமோ கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது உண்டு, இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும் காரணமாகலாம். அதற்கு ரத்தப் பரிசோதனைதான் வழி, சமையலறை இல்லை.

முகத்துக்கும் உடம்புக்கும் நலங்கு மாவு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ். நாட்டு மருந்துக் கடையில் பட்டியலைக் கொடுத்தால் கார்போக அரிசி என்ற விதையையும் சேர்த்துக் கட்டித் தருவார்கள். நான் அதை எடுத்து வைத்துவிடுவேன். அதில் சோரலன் இருக்கிறது. வெண்புள்ளிக்கு வெயிலோடு சேர்த்துத் தரும் மருந்துப் பொருள் அது, தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும். காலையில் பூசிக் குளித்துவிட்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தேவையா? எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்து வெயிலில் போனாலும் இதே வகைத் தொல்லைதான்: கொப்பளமும் கருந்திட்டும் வரலாம்.

கஸ்தூரி மஞ்சளில் ஏமாற்று அதிகம். கிழங்காக வாங்கி உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளிர் நிறமாக இருக்கும், கற்பூர வாசனை அடிக்கும், தோலில் பெரிதாகக் கறை பிடிக்காது. முகம் மாரியம்மன் மாதிரி மஞ்சளானால் உங்களுக்குக் கிடைத்தது வேறு கிழங்கு. பலன் என்று கேட்டால், சோப்பு போட்டதும் வரும் இறுக்கம் இல்லை, பனிக்காலத்தில் கால் வெடிப்பதில்லை. நிறம் மாறவில்லை, மாறவும் மாறாது. முகத்து முடி உதிரும் என்பார்கள், எனக்கு ஒன்றுகூட உதிரவில்லை. முகப்பரு பழுத்திருக்கும்போது இந்த மாவைத் தேய்த்தால் உரசி இன்னும் மோசமாகும், ஆறும் வரை நிறுத்திவிடுவேன். வெயிலுக்குச் சன்ஸ்கிரீன்தான். அந்த வேலையை எந்தப் பொடியும் செய்யாது.

நரைக்கு மருதாணி போடுகிறேன். மருதாணி ஆரஞ்சும் சிவப்பும்தான் தரும், தனியாகக் கறுப்புத் தராது. ஆகவே பத்தே நிமிடத்தில் கருகருவென்று ஆக்கும் "ஹெர்பல்" பாக்கெட்டில் பிபிடி (PPD) என்ற செயற்கைச் சாயப் பொருள் இருக்கிறதா என்று பின்பக்கத்துப் பொடி எழுத்தில் தேடுங்கள். அது ஒவ்வாதவர்களுக்குக் கண் வீங்கி முகமே மாறிவிடும். முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. வீட்டுப் பொடிகளுக்கும் இதே சோதனை உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு வெந்தயமே ஆகவில்லை. அவருக்காக வெந்தயம் இல்லாமல் தனி டப்பா ஒன்று அரைத்து வைத்திருக்கிறேன், அதில் செம்பருத்தி இலை இரண்டு பங்கு.