ஹார்மோன் சிகிச்சையில் இருக்கும்போது உதிரம் பட்டால்: சேலம் பகுதிப் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

மாதவிலக்கு நிற்கும் பருவத்தை நெருங்கி, உடல் சூட்டுக்கும் தூக்கமின்மைக்கும் ஹார்மோன் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் அல்லது எடுக்கலாமா என்று யோசிக்கும் சேலம், ஓமலூர், ஏற்காடு பகுதிப் பெண்கள் இதைப் பொறுமையாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பப்பை உள்ள ஒரு பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கொடுப்பவர், கர்ப்பப்பையின் உள்வரியைக் காப்பதற்கான புரோஜெஸ்டரோன் வகை மருந்தையும் உரிய அளவில் சேர்த்துக் கொடுத்தே ஆக வேண்டும். சேலத்தில் உள்ள ஒரு தனியார் பெண்கள் நல மையம் எனக்கு அதைக் கொடுக்காமல், கொடுத்ததாகச் சொல்லி ஒரு டப்பா கிரீமைக் கையில் கொடுத்தது. அதனால் வந்த உதிரப்போக்கை முதலில் இயல்பு என்றார்கள், பிறகு மாத்திரையால் அடக்கினார்கள், கடைசியில் கர்ப்பப்பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. அவர்கள் செய்த முறையை மட்டும் முழுமையாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே முறையை வேறு பெயரில் வேறு ஒருவரும் செய்யக்கூடும்.

எனக்கு வயது 47. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு மாதம் தள்ளிப்போவதும், பிறகு கட்டிகட்டியாகப் படுவதும், மலைக்குளிரிலும் நடு இரவில் வேர்த்து நைட்டி நனைந்துபோவதுமாக ஓராண்டுக்கு மேல் ஓடிய பிறகுதான் அந்த மையத்துக்குப் போனேன். அங்கே என்னோடு பேசியவர் ஆலோசகர் என்ற பெயரில் அமர்ந்திருந்த ஓர் இளம்பெண். “அக்கா, ஆறே மாசத்துல பழைய ஆளா ஆயிடுவீங்க” என்று அன்பாகத்தான் பேசினார். மருத்துவரின் கையெழுத்து சீட்டில் அச்சாகவே வந்தது, மருத்துவரை நான் பார்க்கவில்லை. உள்பரிசோதனை செய்யவில்லை, ஸ்கேன் எடுக்கவில்லை, இரத்த அழுத்தம்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதத் தொகுப்புக்கு 42,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டு, தினமும் கையில் தடவ எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், ‘இயற்கைப் புரோஜெஸ்டரோன்’ என்று ஒரு கிரீமும் தந்தார்கள்.

ஜெல் வேலை செய்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சில வாரங்களில் வேர்ப்பது குறைந்தது, தூக்கம் வந்தது. ஆகவே ஹார்மோன் சிகிச்சையே கெடுதல் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். சரியான பெண்ணுக்குச் சரியான முறையில் கொடுக்கப்படும்போது அது நல்ல மருந்து. எனக்குக் கொடுக்கப்பட்ட முறைதான் ஆபத்தானது.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்வரியை வளரச் செய்யும். புரோஜெஸ்டரோன் அந்த வளர்ச்சியை நிறுத்திப் பக்குவப்படுத்தி, தான் விலகும்போது உதிரச் செய்யும். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால், கவாத்து செய்யாமல் விட்ட காப்பிச் செடியைப் போல உள்வரி ஒழுங்கின்றித் தடித்துக்கொண்டே போகும், அங்கங்கே பிய்ந்து நினைத்த நேரத்தில் உதிரம் படும், நாளடைவில் புற்றுநோயாகவும் மாறலாம். இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தி அன்று. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்த பெண்களுக்குக் கர்ப்பப்பை உள்வரிப் புற்றுநோய் கூடுதலாக வருவதை 1975-லேயே அமெரிக்க ஆய்வுகள் காட்டிவிட்டன. 1990-களில் அங்கே நடந்த பெப்பி என்னும் ஆய்வில், மூன்றாண்டுகள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு உள்வரியில் கவலைக்குரிய மிகைவளர்ச்சி ஏற்பட்டது. புரோஜெஸ்டரோன் வகை மருந்தைச் சேர்த்து எடுத்தவர்களிடம் அது மிக அரிதாகவே இருந்தது. பெண்களின் ஹார்மோனைப் பற்றிப் பேசிப் பணம் வாங்கும் ஓர் இடத்துக்கு இது தெரியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி அந்தக் கிரீமைப் பற்றி. அதன் டப்பாவில் எத்தனை மில்லிகிராம் புரோஜெஸ்டரோன் இருக்கிறது என்ற குறிப்பே இல்லை; காட்டுவள்ளிக்கிழங்குச் சாறு என்று மட்டும் இருந்தது. இந்தச் சேர்வராயன் மலையில் வள்ளிக்கிழங்கைத் தோண்டி வேகவைத்து உண்ணாத வீடு குறைவு, அது நல்ல உணவு. அந்தக் கிழங்கு வகைகள் சிலவற்றில் டையோஸ்ஜெனின் என்ற பொருள் இருப்பதும், 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோ நாட்டுக் கிழங்கிலிருந்து புரோஜெஸ்டரோன் தயாரித்ததும் உண்மைதான். ஆனால் அவர் அதை ஆய்வுக்கூடத்தில் பல வேதிவினைகளுக்கு உட்படுத்தித்தான் தயாரித்தார். மனித உடலால் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாது. கிழங்குச் சாற்றைத் தோலில் தடவினாலும் தின்றாலும் அது புரோஜெஸ்டரோன் ஆகாது. உண்மையிலேயே புரோஜெஸ்டரோன் கலந்து விற்கப்படும் கிரீம்களை நம்பியும் உள்வரியை விட்டுவிட முடியாது, ஏனென்றால் அதைக் காக்கப் போதுமான அளவு தோல் வழியாக உள்ளே போவதில்லை. ‘இயற்கை’ என்ற சொல்லால்தான் அந்தக் கிரீம் விற்கப்பட்டது.

ஜெல்லைத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே உதிரம் தாறுமாறாகப் படத் தொடங்கியது. ஒரு வாரம் கறையாக, பிறகு ஒன்றுமில்லாமல், பிறகு பேருந்தில் ஏற்காட்டு மலைப்பாதையில் இறங்கும்போதே நாப்கின் நிறைந்துபோகும் அளவுக்கு. தொலைபேசியில் சொன்னபோது, “உடம்பு ஹார்மோனுக்குப் பழகுதுக்கா, பயப்படாதீங்க” என்றார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது அபாயகரமான பதில். சிகிச்சையைத் தொடங்கிய முதல் ஆறு மாதங்களிலும், மருந்தையோ அளவையோ மாற்றிய பின் மூன்று மாதங்களிலும் ஒழுங்கற்ற கசிவு பலருக்கு வரும், பெரும்பாலும் தானாக அடங்கும். ஆனால் இரண்டு மருந்துகளும் சரியாகப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணுக்குத்தான் அந்தக் கணக்கு பொருந்தும். அவர்களுக்கும்கூட, படுவது மிக அதிகமாக இருந்தாலோ, அந்தக் கால எல்லை கடந்து நீடித்தாலோ, உடல் எடை மிக அதிகமாகவோ சர்க்கரை நோயோ சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையோ இருந்தாலோ, குடும்பத்தில் கர்ப்பப்பை அல்லது குடல் புற்றுநோய் இருந்தாலோ, காத்திருக்காமல் பார்க்க வேண்டும். எனக்குச் சர்க்கரை உண்டு. அதை யாரும் கேட்கவே இல்லை.

எனக்கு எது கொடுத்திருக்க வேண்டும் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். மாதவிலக்கு இன்னும் வந்துகொண்டிருக்கும் பெண்ணுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜனைத் தினமும் கொடுத்து, புரோஜெஸ்டரோனை மாதத்தில் 12 முதல் 14 நாள் மட்டும் கொடுப்பார்கள். மிக நுண்ணிய துகள்களாக்கி உள்ளுக்குக் கொடுக்கப்படும் நுண்துகள் புரோஜெஸ்டரோன் என்றால் வழக்கமாக இரவில் 200 மில்லிகிராம். அந்த நாட்கள் முடிந்ததும் ஓர் ஒழுங்கில் உதிரம் படும், அது எதிர்பார்த்த ஒன்று. இரண்டையும் இடைவெளியின்றித் தினமும் கொடுப்பது கடைசி மாதவிலக்கு முடிந்து ஓராண்டு ஆனவர்களுக்கு உரியது. முன்னதாகவே அதைத் தொடங்கினால் தாறுமாறாகப் படுவதற்கே வாய்ப்பு அதிகம். இதே சிகிச்சைக்குக் கொடுக்கப்படும் டிபோலோன் என்ற மாத்திரைக்கும் இதே விதிதான். உங்கள் சீட்டில் எந்த முறை எழுதப்பட்டிருக்கிறது, எந்த நாளில் உதிரம் படுவது கணக்கில் உண்டு, எந்த நாளில் படுவது கணக்கில் இல்லை என்று உங்களுக்கு யாரும் விளக்கவில்லை என்றால், அதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள்.

நான் விடாமல் கேட்டதால், அடுத்ததாக நேரில் வரச்சொல்லி, ஒரு காகித உறையில் உதிரி மாத்திரைகளைப் போட்டுத் தந்தார்கள். அட்டை இல்லை, பெயர் இல்லை, பில் இல்லை. அவை நாரெத்திஸ்டிரோன் என்று பிறகு தெரிந்தது. திருவிழாவுக்கும் விசேஷத்துக்கும் மாதவிலக்கைத் தள்ளிப்போட நம் ஊரில் பலரும் போட்டுக்கொள்ளும் அதே மாத்திரை. சாப்பிட்டபோது உதிரம் நின்றது, நிறுத்திய சில நாட்களில் மடை திறந்தது. அந்த மாத்திரையை நிறுத்தினால் சில நாட்களில் உதிரம் படும் என்பது அதன் இயல்பான செயல். ஆனால் மையத்தில் அதையே ஆதாரமாகக் காட்டி, “பாருங்கம்மா, மாத்திரைக்கும் அடங்கல, கர்ப்பப்பை கெட்டுப்போச்சு, புற்றாக மாறுறதுக்குள்ள எடுத்துடணும், ஓவரியையும் சேர்த்தே எடுத்துடலாம்” என்றார்கள். அதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்திருந்தார்கள்; அதன் அறிக்கையை என்னிடம் தரவில்லை. உள்வரியில் சிறிது எடுத்துப் பார்க்கும் சதைப் பரிசோதனை (பயாப்சி) பற்றிய பேச்சே எழவில்லை. எந்தத் தனியார் மருத்துவமனையில் எடுப்பது, காப்பீட்டில் எவ்வளவு வரும் என்பதை மட்டும் தயாராக வைத்திருந்தார்கள்.

தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்படுவது இந்த நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற விஷயம். 2023 ஏப்ரலில், நரேந்திர குப்தா தொடுத்த வழக்கில், இதைத் தடுப்பதற்காக மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. உண்மையிலேயே எடுக்க வேண்டிய நிலைமைகள் உண்டு, அவற்றில் தயங்கக் கூடாது. ஆனால் உள்வரியைப் பரிசோதிக்காமலேயே, புற்றாக மாறும் என்று சொல்லிக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

என் நாத்தனார் வற்புறுத்தியதால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. ஆனால் உட்கார்ந்ததும் அந்த மருத்துவர் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அந்த மையத்தில் கேட்டிருக்கவில்லை. கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் மாதவிலக்கு தள்ளிப்போகும் இந்த வயதிலும் கருத்தரிக்கலாம், ஹார்மோன் சிகிச்சை கருத்தடை ஆகாது. பிறகு கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பார்த்தார், தைராய்டும் ஹீமோகுளோபினும் எடுக்கச் சொன்னார், உள்வழி ஸ்கேன் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.1, பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே இரத்தசோகை. உள்வரி 16 மில்லிமீட்டர் தடித்திருந்தது. மாதத்தில் சில நாள் புரோஜெஸ்டரோன் எடுக்கும் முறையில் இருப்பவருக்கு 7-க்கு மேல் போனாலும், இரண்டையும் தினமும் எடுப்பவருக்கு 4-க்கு மேல் போனாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றார். மெல்லிய குழாயை உள்ளே விட்டு உள்வரியில் சிறிது எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மாதவிலக்கு வலியைப் போல் கடுமையாக இழுத்தது, ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிட்டது, மயக்க மருந்து தேவைப்படவில்லை.

முடிவு, செல்களில் திரிபு இல்லாத மிகைவளர்ச்சி. அதாவது புற்று இல்லை. புற்றாக மாறும் வாய்ப்பு இருபது ஆண்டுகளில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு மருந்திலேயே சரியாகிவிடும். கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை என்று சொல்லி, லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கர்ப்பப்பைக்குள்ளேயே வெளிவிடும் காயிலைப் பொருத்தினார். அதில் 52 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு உள்வரியைக் காக்கும். ஆறு மாதத்தில் மறுபடி சதைப் பரிசோதனை செய்ய வேண்டும், அடுத்தடுத்து இரண்டு முறை சரியாக வந்தால்தான் தேறியதாகக் கொள்ள வேண்டும் என்றார். முதல் பரிசோதனை சரியாக வந்துவிட்டது. இரும்புச்சத்து மாத்திரை இன்னும் எடுக்கிறேன். அதோடு காப்பி, டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால் நேரம் தள்ளிக் குடிக்கிறேன்.

அந்த மருத்துவரும் காயில் வைத்தபோது, “கொஞ்ச நாள் கறை படும்மா, பயப்பட வேண்டாம்” என்றுதான் சொன்னார். ஆனால் ஏன் படும், எத்தனை மாதம் வரை படலாம், எவ்வளவு பட்டால் உடனே வர வேண்டும் என்று மூன்றையும் சொல்லி, படும் நாட்களை நோட்டில் எழுதி வரச்சொன்னார். பயப்படாதீர்கள் என்று உங்களிடம் யார் சொன்னாலும், இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். பதில் வராத இடத்தில் மேலும் ஒரு தவணை கட்டாதீர்கள்.

என் மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறையில் இருக்கிறது, இதுவரை பணம் கட்டிய ரசீதின் நகல் மட்டுமே வந்திருக்கிறது. மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் மையத்தைப் பற்றியும், மருந்து ஆய்வாளரிடம் பெயரில்லாத மாத்திரைகளைப் பற்றியும் புகார் கொடுத்தாயிற்று. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை; வழிகாட்டுதலுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம். அந்த மையத்தைப் போன்ற இடத்தில் ஜெல்லோ ஈஸ்ட்ரோஜன் மாத்திரையோ வாங்கி, கூடவே கிரீம் மட்டும் தடவிக்கொண்டிருக்கும் பெண்கள், உதிரம் படாவிட்டாலும் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போய் உள்வழி ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். டப்பா, உறை, ரசீது, கைப்பேசிக் குறுஞ்செய்தி எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விசாரணையில் என்னிடம் முதலில் கேட்டது அந்த வெறும் டப்பாவைத்தான்.