தொடையில் ஒரு கட்டி: மெல்லிய ஊசியா, தடித்த ஊசியா, முழு அறுவையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் ஒருவருக்குத் தொடையிலோ தோளிலோ கட்டி தென்பட்டால், அது பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாகவே இருக்கும் என்பதால், அருகிலுள்ள கிளினிக்கிலேயே அறுத்து எடுத்துவிடலாம் என்ற யோசனை எளிதில் எழுகிறது. சிறியதாகவும் தோலுக்குச் சற்றுக் கீழேயும் இருக்கும் கட்டிக்கு அந்த யோசனை பொருந்தும். ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டியதும், தசையுறைக்கு அடியில் ஆழமாக இருப்பதும், வளர்ந்துகொண்டே வருவதுமான கட்டி சார்கோமா எனும் மென்திசுப் புற்றாக இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதன் பங்கு ஏறத்தாழ 1 விழுக்காடுதான் என்றாலும், அதற்குள் பல டஜன் வகைகள் உள்ளன. வகை தெரியாமல் சிகிச்சையைத் திட்டமிட முடியாது. எனவே கட்டியிலிருந்து திசுவை எப்படி எடுப்பது என்பதே முதல் முடிவாகிறது.

மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பது மலிவானது, விரைவானது. கழுத்து நெறிக்கட்டி, தைராய்டு, காசநோய்ச் சந்தேகம் ஆகியவற்றில் அது நன்றாகவே பயன்படுகிறது. சார்கோமாவில் அதன் பலவீனம் வெளிப்படும். ஊசியில் வருபவை உதிரி உயிரணுக்கள் மட்டுமே, அவை திசுவில் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பது தெரியாது. கோப்பையில் சேர்ந்த ரப்பர் பாலை மட்டும் பார்த்து, ரப்பர் மரத்தில் பட்டை எப்படிச் சீவப்பட்டிருக்கிறது என்று சொல்ல முயல்வதற்கு அது ஒப்பாகும்.

நேர்மாறான வழி, நோய் இன்னதென்று அறியாமலேயே கட்டியை முழுவதுமாக அறுத்தெடுப்பது. நோயாளிக்கு இது மனநிறைவு தரலாம். பிற்பாடு அது சார்கோமா என்று தெரியவந்தால், கத்தி சென்ற இடமெல்லாம் புற்றணுக்கள் சிந்தியிருக்கக்கூடும் என்று கருதி, மேலும் அகலமாக மறுபடி அறுக்க வேண்டியிருக்கும். கை கால்களில் குறுக்குவாட்டில் கீறியிருந்தால் இழப்பு இன்னும் அதிகம்.

இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தடித்த ஊசிப் பயாப்ஸியைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன். மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் துணையுடன், பெரும்பாலும் 14 கேஜ் (ஊசித் தடிமனின் அளவு) ஊசியால் மெல்லிய திசுக்கீற்றுகள் சிலவற்றை எடுப்பார்கள். ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்று நம்மவர்கள் அஞ்சுவது வழக்கம். அவ்வாறு நேர்வது அரிது. ஊசி சென்ற தடத்தையும் கட்டியோடு சேர்த்து அகற்றும் வகையில் அறுவை மருத்துவருடன் கலந்தே இடம் குறிக்கப்படுகிறது. இதற்கும் குறையுண்டு. கட்டியின் செத்துப்போன பகுதியில் ஊசி இறங்கினால் பயனில்லை. வீரியம் குறைந்த பகுதியில் இறங்கினால் நோயின் தீவிரம் குறைத்து மதிப்பிடப்படும். அப்போது சிறு கீறலிட்டுத் திசு எடுப்பதே வழி. அறுவை மேசையிலேயே திசுவை உறையவைத்து நிமிடக் கணக்கில் விடை சொல்லும் முறையை வகை கண்டறிய நம்பக்கூடாது; கொழுப்புத் திசு சரியாக உறைவதுகூட இல்லை.

ஆய்வுக்கூடத்திலும் ஒரு போட்டி நடக்கிறது. வழக்கமான சாயத்துக்குப் பிறகு, புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயங்கள் வருகின்றன. அவற்றை அடுத்து மரபணுச் சோதனைகள். எவிங் சார்கோமா எனும் வகையில், சிடி99 என்ற புரதத்தைக் காட்டும் சாயம் பளிச்சென்று ஏறும், ஆனால் சிலவகை ரத்தப் புற்றிலும் அது ஏறும். ஈடபிள்யூஎஸ்ஆர்1 மரபணு முறிந்திருப்பதை, ஒளிரும் குறிகளைக் கொண்டு மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் சோதனை காட்டும், ஆனால் அதே மரபணு வேறு பல கட்டிகளிலும் முறிகிறது. முறிந்த மரபணு வேறு எந்த மரபணுவுடன் இணைந்தது என்பதை அறிய, மரபணு எழுத்துகளை வரிசைப்படுத்திப் படிக்கும் சோதனை தேவைப்படலாம், அதற்குச் செலவும் காத்திருப்பும் கூடுதல். சாயங்களால் கேள்வியைச் சுருக்கிக்கொண்ட பிறகு மரபணுவைத் தேடுவதே சிக்கனம். மரபணு விடையின் அருமை நாட்யூலர் ஃபாஸியைட்டிஸில் புரியும். சில வாரங்களில் வேகமாக வளர்ந்து, நுண்ணோக்கியில் பார்க்கும் கண்ணாடித் தகட்டில் சார்கோமாவைப் போலவே மிரட்டும் அந்தக் கட்டி உண்மையில் தீங்கற்றது. சிலசமயம் தானாகவே சுருங்கிவிடும். யூஎஸ்பி6 மரபணு மாற்றம் தெரிந்தால், ஒருவர் தேவையில்லாத பேரறுவையிலிருந்து தப்பலாம்.

எடுத்த திசுவைக் கெடாமல் காப்பது இவை அனைத்துக்கும் முந்தியது. திசுவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் எனும் பதப்படுத்தும் திரவத்தில் அது மூழ்க வேண்டும். எலும்புக் கட்டியை மென்மையாக்க வலுவான அமிலத்தைப் பயன்படுத்தினால் மரபணு சிதைந்துவிடும். ஈடிடிஏ எனும் வேதிப்பொருள் மெதுவாக வேலை செய்தாலும் மரபணுவைக் காக்கும்.

இரண்டாவது கருத்துக்காக ஈப்போவிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வேறு நிபுணருக்கு அனுப்பும்போது, சாயமிட்ட கண்ணாடித் தகடுகளை மட்டும் அனுப்புவதைவிட திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டையையும் சேர்த்து அனுப்பக் கேட்பது நல்லது. தகட்டில் முன்பு இட்ட சாயத்தைத்தான் பார்க்கலாம். கட்டையிலிருந்து புதிய சாயமும் மரபணுச் சோதனையும் செய்யலாம். திசு குறைவாக இருந்து, கட்டையைக் கொடுக்க ஆய்வுக்கூடம் தயங்கினால், சாயமிடாத சீவல்களையாவது கேட்கலாம். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களும் உடன் செல்லட்டும்; குறிப்பாக எலும்புக் கட்டியில், படத்தைப் பார்க்காமல் நோயியல் நிபுணர் முடிவு சொல்வது ஆபத்தானது.