ரெகுலேஷனா, டைரக்டிவா? ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போடும் இரண்டு வழிகள்

ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் படிக்கப் போனவர்கள் யாரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. 27 நாடுகளுக்கும் பொதுவாக ஒரு சட்டம் வேண்டும், அதை ரெகுலேஷனாகப் போடுவதா, டைரக்டிவாகப் போடுவதா? முதுகலைப் படிப்பின் ஆய்வுக் கட்டுரைக்காக இரண்டில் ஒன்றின் பக்கம் நின்று நான் வாதாட வேண்டியிருந்தது. ரெகுலேஷன் பக்கம் நின்றேன். கட்டுரையைக் கொடுத்து நாளாகிவிட்டது, இன்றைக்குக் கேட்டாலும் அதே பக்கம்தான், எனவே நடுநிலையான அலசலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரெகுலேஷன் அமலுக்கு வந்துவிட்டால் அந்தத் தேதியிலிருந்து எல்லா உறுப்பு நாடுகளிலும் அப்படியே சட்டம், எந்த நாட்டு நாடாளுமன்றமும் அதைத் தனியாக நிறைவேற்ற வேண்டியதில்லை. டைரக்டிவ், இலக்கை மட்டும் கட்டாயமாக்கிவிட்டு வழியை நாடுகளிடம் விட்டுவிடும். ஒரு கெடு கொடுப்பார்கள், பெரும்பாலும் இரண்டு வருடம் போல, அதற்குள் ஒவ்வொரு நாடும் தன் சொந்தச் சட்டத்தில் அதை எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டும் நிறைவேறும் பாதை பொதுவாக ஒன்றுதான். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வரைவைக் கொண்டுவரும், 720 பேர் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றமும் அமைச்சர்கள் கவுன்சிலும் திருத்தி ஒப்புக்கொள்ள வேண்டும், கவுன்சிலில் 55 சதவீத நாடுகளும் 65 சதவீத மக்கள்தொகையும் சேர வேண்டும். ஆக, சட்டத்தை நிறைவேற்றுகிற கஷ்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நிறைவேறிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்த இரட்டை வழி தற்செயலாக வந்ததல்ல. 1951-இல் ஆறு நாடுகள் பாரிஸில் நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதே இரண்டு வகை ஆணைகள் இருந்தன: முழுதாகக் கட்டுப்படுத்துபவை, நோக்கத்தை மட்டும் கட்டாயமாக்குபவை. 1957 ரோம் ஒப்பந்தத்தின் 189-ஆவது பிரிவு அவற்றுக்கு இன்றைய வடிவமும் பெயரும் கொடுத்தது, இப்போது அது 288-ஆவது பிரிவு. 1997 ஆம்ஸ்டர்டாம் ஒப்பந்தத்தோடு வந்த ஒரு நெறிமுறை, மற்றவை எல்லாம் சமமாக இருந்தால் டைரக்டிவுக்கே முன்னுரிமை என்றுகூடச் சொன்னது. நாடுகளின் சுதந்திரத்தை முடிந்தவரை மதிக்க வேண்டும் என்பது காரணம். லிஸ்பன் ஒப்பந்தம் 2009-இல் அமலானபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. அது போனதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஏன் மகிழ்ச்சி என்பதற்கு இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இரண்டும் இத்தாலி.

முதலாவது மாடுகள் பற்றியது. 1960-களின் முடிவில், ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகத்தில் பால் தேங்கிப் போயிருந்தது, உற்பத்தியைக் குறைக்க ஒரு ரெகுலேஷன் வந்தது: கறவை மாட்டை அடிமாட்டுக்கு விட்டால் உதவித்தொகை, சான்று கொடுத்த இரண்டு மாதத்துக்குள் பணம். இத்தாலியில் ஒரு பெண் விவசாயி ஐந்து மாடுகளைக் கொடுத்துவிட்டுப் பணம் கேட்டார். எங்கள் நாடாளுமன்றம் இன்னும் இதற்கு நிதி ஒதுக்கவில்லை, பொறுங்கள் என்றது அமைச்சகம். 1972-இல் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது, ரெகுலேஷன் அந்தப் பெண்ணுக்கு உரிமையை நேரடியாகவே கொடுத்துவிட்டது, உள்ளூர்ச் சட்டம் வரவில்லை, பட்ஜெட் வரவில்லை என்பதெல்லாம் சாக்காகாது. அவ்வளவுதான். ஐந்து மாடு வைத்திருந்த ஒருவருக்கும் ஐரோப்பியச் சட்டத்துக்கும் நடுவில் ரோம் அரசு குறுக்கே நிற்க முடியவில்லை.

இரண்டாவது மிலான் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே 1989 ஜனவரியில் நடந்தது. தபால் வழியில் ஆங்கிலம் சொல்லித்தரும் படிப்பை ஒரு பெண்ணிடம் அங்கே வைத்து விற்றுவிட்டார்கள். நான்கு நாளில் மனம் மாறி, வேண்டாம் என்று கடிதம் போட்டார். கடைக்கு வெளியே நடக்கும் விற்பனையில் ஏழு நாளுக்குள் ரத்து செய்யும் உரிமையை 1985 டைரக்டிவ் கொடுத்திருந்தது. ஆனால் 1987 டிசம்பரில் கெடு முடிந்தும் இத்தாலி அப்போது வரை அதைத் தன் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. இது ஃபாச்சினி டோரி வழக்கு, 1994-இல் தீர்ப்பு. சட்டத்தில் எழுதப்படாத டைரக்டிவை அரசுக்கு எதிராகக் காட்டலாம், இன்னொரு தனியாருக்கு எதிராகக் காட்ட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, தப்பு செய்தது அரசு, உரிமையை இழந்தது அந்தப் பெண், அந்த வாதத்தில் தப்பித்தது விற்ற கம்பெனி. உள்நாட்டுச் சட்டத்தை டைரக்டிவுக்கு ஏற்பப் பொருள்கொள்ள முடிகிறதா பாருங்கள், முடியாவிட்டால் அரசிடம் நஷ்டஈடு கேளுங்கள் என்று வேறு வழிகளையும் நீதிமன்றம் காட்டியது. ஒரு தபால் படிப்பின் கட்டணத்துக்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட எத்தனை பேருக்குத் தெம்பு இருக்கும்?

இந்த நஷ்டஈட்டு வழியைத் திறந்துவைத்த ஃபிராங்கோவிச் வழக்கையே பாருங்கள். திவாலான நிறுவனத்தின் ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் கிடைக்க ஒவ்வொரு நாடும் ஒரு நிதி அமைக்க வேண்டும் என்று 1980-இல் டைரக்டிவ் வந்தது. கெடு 1983. இத்தாலி செய்யவில்லை. 1989-இல் நீதிமன்றம் இத்தாலியைக் குற்றவாளி என்றது, அப்போதும் செய்யவில்லை. விசென்சாவில் வேலை பார்த்துச் சம்பளம் கிடைக்காத ஒருவர் போட்ட வழக்கில்தான், டைரக்டிவை அமலாக்காத அரசு பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடே 1991-இல் பிறந்தது. எல்லாப் பாடப் புத்தகத்திலும் அவர் பெயர் இருக்கிறது. பலர் படிக்காமல் விடுவது அதற்கப்புறம் நடந்ததை: 1995-இல் அதே வழக்கு திரும்பி வந்தபோது, அவர் வேலை பார்த்த மாதிரியான நிறுவனத்துக்கு இத்தாலியச் சட்டப்படி திவால் நடைமுறை பொருந்தாது என்பதால் அந்த டைரக்டிவின் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்று முடிந்தது. கோட்பாட்டைப் பெற்றுத் தந்தவருக்கு அதனால் பலன் இல்லை.

இதெல்லாம் பழைய கதை, இப்போது நிலைமை மாறியிருக்கும் என்று நானும் நினைத்துத்தான் சமீபத்தியவற்றைத் தேடினேன். 2019 பதிப்புரிமை டைரக்டிவுக்குக் கெடு 2021 ஜூன் 7. அடுத்த மாதம் 23 நாடுகளுக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது. 27-இல் 23! முறைகேடுகளை வெளியே சொல்லும் ஊழியர்களைப் பாதுகாக்கும் டைரக்டிவுக்கு 2021 டிசம்பர் கெடு. ஜெர்மனியின் சட்டம் 2023 ஜூலையில்தான் அமலுக்கு வந்தது, அந்தத் தாமதத்துக்காக 2025 மார்ச்சில் நீதிமன்றம் 3.4 கோடி யூரோ கட்டச் சொன்னது. அந்தப் பணம் ஜெர்மன் மக்களின் வரிப்பணம், போய்ச் சேர்வது ஒன்றியத்தின் கஜானாவுக்கு. இடைப்பட்ட ஒன்றரை வருடத்தில் உண்மையைச் சொல்லி வேலையை இழந்த ஒருவருக்கு அதில் ஒரு சென்ட் வராது. டைரக்டிவின் பராமரிப்புச் செலவு என்று நான் சொல்வது இதைத்தான்: கெடுவைக் கண்காணிக்க வேண்டும், நோட்டீஸ் விட வேண்டும், வழக்குப் போட வேண்டும், இதெல்லாம் முடிகிற வரை குடிமகன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதைப் பொறுத்து உரிமை இருக்கும் அல்லது இருக்காது.

கெடுவுக்குள் எழுதிவிட்டாலும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவதில்லை. 1995 தரவுப் பாதுகாப்பு டைரக்டிவ் இதற்கு நல்ல உதாரணம். கெடு 1998 அக்டோபர், அயர்லாந்து தன் சட்டத்தைத் திருத்தியது 2003-இல். எல்லாரும் எழுதி முடித்தபின் பார்த்தால் ஒரே டைரக்டிவிலிருந்து நாட்டுக்கு ஒரு சட்டம் முளைத்திருந்தது, பல நாடுகளில் தொழில் செய்யும் கம்பெனி ஒவ்வொன்றுக்கும் தனி வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2012-இல் ஆணையம் இதை ரெகுலேஷனாக மாற்ற முன்மொழிந்து, 2016-இல் நிறைவேறி, 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்று நமக்கெல்லாம் தெரிந்த சட்டமாக நிற்கிறது. விமானப் பயணிகள் உரிமை முதலிலிருந்தே ரெகுலேஷன். விமானம் போதிய முன்னறிவிப்பின்றி ரத்தானாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலோ, அசாதாரணக் காரணம் எதுவும் இல்லாத பட்சத்தில், 250, 400, 600 யூரோ என்று தூரத்துக்கேற்ற தொகை. ஐரோப்பிய நிறுவனத்தின் விமானத்தில் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகிறவருக்கும் அது பொருந்தும், அவர் எந்த நாட்டுச் சட்டத்தையும் புரட்ட வேண்டியதில்லை. திருப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்த, துணிக்குப் போடும் சில அசோ வகைச் செயற்கைச் சாயங்களின் விவகாரமும் இதே பாதையில் போனதுதான். 2002-இல் டைரக்டிவாக வந்த அந்தத் தடை, 2009 முதல் ரசாயனங்களுக்கான ரீச் ரெகுலேஷனின் 17-ஆவது பின்னிணைப்பில் இருக்கிறது, துணி எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற ஒரே வரம்பு.

சரி, டைரக்டிவுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. தொழிலாளர் நலன் போன்ற சில துறைகளில் ஒன்றிய ஒப்பந்தமே டைரக்டிவைத்தான் அனுமதிக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. டென்மார்க்கிலும் ஸ்வீடனிலும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமே கிடையாது, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிவு செய்கிறார்கள், அது நன்றாக ஓடுகிறது. அங்கே போய் ரெகுலேஷன் போட்டால் நன்றாக இருப்பதைக் கெடுப்பதாகிவிடும். இந்தத் துறையிலும் குற்றவியலிலும் நான் தீர்ப்புகளைப் படித்ததோடு சரி, இறங்கி வேலை செய்ததில்லை, அதனால் அங்கே என் கருத்தை அடித்துச் சொல்ல மாட்டேன். நுகர்வோர், தரவு, பொருள் பாதுகாப்பு, இந்த மூன்றில் அடித்தே சொல்வேன்.

ரெகுலேஷன் பக்கமும் ஓட்டை இருக்கிறது, மறைப்பதில் அர்த்தமில்லை. ஜிடிபிஆரிலேயே பல இடங்களில் நாடுகளுக்கு விருப்பம் விட்டிருக்கிறார்கள். பெற்றோர் அனுமதியில்லாமல் இணையச் சேவைக்குச் சம்மதம் கொடுக்கும் வயது ஜெர்மனியில் 16, பிரான்சில் 15, ஸ்பெயினில் 14. ஒரே சட்டம் என்று சொல்லிவிட்டு இப்படி. தாமதமும் ரெகுலேஷனைத் தொடாமல் விடுவதில்லை. காடழிப்பைத் தடுக்கும் ரெகுலேஷன் 2024 டிசம்பரில் அமலாக வேண்டியது, ஒரு முறை தள்ளி, மறுபடியும் தள்ளி, 2026 டிசம்பருக்குப் போய்விட்டது. ஆனால் ஒரு வித்தியாசம், தள்ளினால் 27 நாட்டுக்கும் சேர்த்து, எல்லார் கண் முன்னாலும், ஓட்டெடுத்துத் தள்ளினார்கள். ஒரு அமைச்சகத்தின் மேசையில் கோப்பு சத்தமில்லாமல் தூங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

டைரக்டிவே ரெகுலேஷன் மாதிரி எழுதப்படுவதும் உண்டு. எல்லா ஃபோனுக்கும் யுஎஸ்பி-சி என்ற 2022 சட்டம் பெயருக்கு டைரக்டிவ், அதில் நாடுகள் தீர்மானிக்க என்ன மிச்சம்? துளையின் வடிவம் வரை எழுதிக்கொடுத்துவிட்டு, அதை 27 நாடாளுமன்றங்களோ அமைச்சகங்களோ மறுபடி எழுத வேண்டும் என்பது எனக்கு வீண் வேலையாகத்தான் படுகிறது.

டைரக்டிவுக்கு இருக்கிற ஒரு அனுகூலம் பிரெக்ஸிட்டில் தெரிந்தது. பிரிட்டன் வெளியேறும்போது, டைரக்டிவுகளுக்காக எழுதிய விதிகள் உள்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்தன, அவற்றின் தாய்ச் சட்டத்தை ரத்து செய்தாலும் விதிகள் தொடரும் என்று சொன்னாலே போதும். ரெகுலேஷன்கள் அப்படியில்லை, உறுப்புரிமை போனால் அவையும் போய்விடும், அவற்றை அப்படியே உள்நாட்டுச் சட்டமாக மாற்ற 2018-இல் ஒரு தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. வெளியேறப் போகிற நாட்டுக்கு டைரக்டிவ் வசதிதான். உள்ளே இருக்கப் போகிறவர்களுக்காகச் சட்டம் எழுதும்போது அதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஆணையமும் கொஞ்ச காலமாக இந்தப் பக்கம்தான் சாய்கிறது. மருத்துவக் கருவிகள் 2017-லும், பேட்டரி, பொது உற்பத்திப் பொருள் பாதுகாப்பு, இயந்திரங்கள் மூன்றும் 2023-லும் டைரக்டிவிலிருந்து ரெகுலேஷனுக்கு மாறின. இயந்திர ரெகுலேஷன் 2027 ஜனவரி 20 முதல் முழுதாக அமலாகிறது. பேக்கேஜிங்கும் 2025-இல் மாறியது. இந்த வரிசையில் அடுத்து மாற வேண்டியது எது என்று கேட்டால், முறைகேட்டை வெளியே சொல்லும் ஊழியர்களின் பாதுகாப்பைத்தான் சொல்வேன், குறைந்தபட்சம் புகார் கொடுக்கும் வழிகள், பழிவாங்கலுக்குத் தடை என்ற இரண்டு பகுதிகளையாவது. தொழிலாளர் சட்டத்தைத் தொடுவதால் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவை அடிப்படையாகக் காட்டுவது என்ற சண்டை கட்டாயம் வரும், அந்தச் சண்டையைப் போட்டே ஆக வேண்டும்.