ஸ்லீவா, பைபாஸா?

இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை என்றால் இப்போது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஒரு காலத்தில் ஓகோவென்றிருந்த இரைப்பைப் பட்டை (இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் வளையம்) அரிதாகிவிட்டது.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். குடலைத் தொடுவதில்லை, வேலை சுலபம், ஆனால் வெட்டியது வெட்டியதுதான். அப்புறம் நெஞ்செரிச்சல், ஏற்கெனவே இருந்தால் இன்னும் மோசமாகலாம்.

பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி அதைச் சிறுகுடலோடு இணைத்துவிடுகிறார்கள். சர்க்கரை நோயோ நெஞ்செரிச்சலோ இருந்தால் என் ஓட்டு இதற்கே. இனிப்பை அள்ளிச் சாப்பிட்டால் வியர்த்துப் படபடக்கும் (அதுவும் ஒரு காவல்தான்!). வைட்டமின் மாத்திரை மட்டும் இரண்டிலும் ஆயுளுக்கும் உண்டு.

தகுதி வரம்பு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40, சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 35. தெற்காசிய வம்சாவளியினருக்கு இதிலும் 2.5 குறைவு.