நெல்லுக்கு மேலிருந்து மருந்தடிக்க எது: ஹெலிகாப்டரா, ட்ரோனா?

ஆளில்லா ஹெலிகாப்டரால் வயலுக்கு மருந்தடிப்பதை ஒரு தொழிலாகவே வளர்த்தெடுத்த நாடு ஜப்பான். யமஹாவின் ஆர்-50 1987-லும் ஆர்மேக்ஸ் 1997-லும் வந்தன. 2015 கடைசியில் எட்டு விசிறி கொண்ட டிஜேஐ நிறுவனத்தின் எம்ஜி-1 ட்ரோன் அறிமுகமானது. சில ஆண்டுகளில் அந்த வகை ட்ரோன்களும் அதே வயல்களில் இறங்கிவிட்டன. எது புதுசு என்று பார்ப்பதைவிட, எந்த வயலுக்கு எது என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான் உபயோகம்.

ஜப்பானில் நெல்லுக்கு வான்வழியாக அடிப்பது ஹெக்டேருக்கு 8 லிட்டர். தரையில் நின்று அடித்தால் அதே இடத்துக்கு 1,000 லிட்டர் வரை பிடிக்கும். மருந்து குறைவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. ஆர்மேக்ஸ் 5 மீட்டர் அகலத்தில் மணிக்கு 15 கிமீ வேகத்தில் போனால் ஒரு ஹெக்டேர் 8 நிமிடம். எம்ஜி-1 அதே வேகத்தில் 4 மீட்டர் அகலம் பிடித்தால் 10 நிமிடம். வானத்தில் வித்தியாசம் இவ்வளவுதான்.

நேரம் போவது வரப்பில். ஆர்மேக்ஸ் 16 லிட்டர் சுமக்கும். இரண்டு ஹெக்டேருக்கு ஒருமுறை நிரப்பினால் போதும், பெட்ரோல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாங்கும். 32 லிட்டர் பிடிக்கும் யமஹாவின் ஃபேசர் ஆர் ஹெலிகாப்டர் ஒரே நிரப்பலில் நாலு ஹெக்டேர் முடிக்கும். எம்ஜி-1-ல் 10 லிட்டர். முழுச் சுமையோடு பேட்டரி சுமார் 10 நிமிடம். ஹெக்டேருக்கு ஒரு பேட்டரி. இறக்கியவுடன் சூடாக இருக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் போட்டால் சீக்கிரம் உப்பிவிடும், ஆறவிட வேண்டும். ஆகவே நாலைந்து செட்டும் ஒரு ஜெனரேட்டரும் இல்லாமல் வயலுக்குப் போகக்கூடாது.

இனி புகையான், நெல்லின் சாற்றை உறிஞ்சும் பூச்சி. அது உட்கார்ந்திருப்பது தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே. இலையில் மட்டும் படிந்த மருந்தால் பாதிப் பலன்கூட இல்லை. ஹெலிகாப்டரின் காற்று அழுத்தமானது, ட்ரோனுடையது மெலிந்தது என்று பலரும் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 94 கிலோ ஆர்மேக்ஸின் 3.1 மீட்டர் ரோட்டார் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ தூக்குகிறது, 24.5 கிலோ எம்ஜி-1-ன் எட்டு விசிறிகள் சுமார் 14 கிலோ. வித்தியாசம் காற்றுத்தூணின் பருமனில். மூன்று மீட்டர் தடிமனுள்ள காற்று 3-4 மீட்டர் உயரத்திலிருந்தும் கலையாமல் இறங்கி, நெல்லை விலக்கி அடிவரை போகும். அரை மீட்டர் விசிறிகளின் காற்று வழியிலேயே கலைந்துவிடும். அதனால் ட்ரோன் பயிரிலிருந்து 2 மீட்டர் உயரத்திலேயே பறக்க வேண்டும். உயரம் கூடினால் மருந்து பக்கத்து வயலுக்குத்தான். 2019-ல் யமஹாவே ட்ரோன் விற்க வந்தபோது, இரண்டு இடங்களில் ஒன்றன் கீழ் ஒன்றாக எதிரெதிரே சுழலும் விசிறிகளை வைத்தது இந்தக் காற்றுக்காகத்தான்.

வான்வழி மருந்தை எட்டு மடங்குக்குத்தான் தண்ணீர் விட்டுக் கலப்பதால் கெட்டியாக இருக்கும், முனை அடைபடும். டேங்கில் பாதித் தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். காலையில் ஒவ்வொரு முனையிலும் ஒரு நிமிடம் வெறும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். ஒன்று மற்றவற்றைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றிவிடுங்கள். இதைத் தவறவிட்டவர் வயலில் சில நாள் கழித்துக் காய்ந்த பட்டை ஒன்று தெரியும்.

விபத்துக்கு இரண்டிலும் முதல் காரணம் மின்கம்பி. வயலின் மறுமுனையில் வாக்கிடாக்கியோடு ஒருவர் நிற்பது ஜப்பானிய வழக்கம். அந்த ஆள் கூலியை மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். எஞ்சின் நின்றால் ஹெலிகாப்டரை இறக்கைக் கோணம் மாற்றி, சுழற்சியில் மிச்சமிருக்கும் விசையால் மெத்தென்று இறக்க முடியும், கை பழகியவருக்கு. எட்டு விசிறியில் ஒன்று நின்றால் சமாளிக்கும். நாலு விசிறி ட்ரோன் விழும். பராமரிப்பில் ஹெலிகாப்டர் பாவம்: ஸ்வாஷ்பிளேட் (இறக்கைக் கோணத்தை மாற்றும் தட்டு) இணைப்பில் ஆட்டம், வால் ரோட்டார், இரண்டு இறக்கையும் ஒரே தளத்தில் சுழல்கிறதா என்பது வரை பார்க்க வேண்டும்.

தொடர்ச்சியான பெரிய நெல்வெளி, பழகிய ஓட்டுநர், புகையான் தொல்லை: ஹெலிகாப்டர். துண்டு துண்டு வயல், சுற்றிலும் கம்பி, புது ஆள்: ட்ரோன். இந்தியாவில் இந்தத் தேர்வே கிட்டத்தட்ட முடிந்த விஷயம், ட்ரோன்தான். ஆர்மேக்ஸ் போல எடை 25 கிலோவுக்கு மேல் போனால் நடுத்தர வகை என்று வேறு விதிகள். 2022 பிப்ரவரியிலிருந்து, ஆராய்ச்சி போன்ற சில விலக்குகள் தவிர, முழு ட்ரோன் இறக்குமதிக்கும் தடை.

ஜப்பான் கணக்கை அப்படியே இங்கே போட வேண்டாம். நம் ஊரில் ஏக்கருக்கு 10 லிட்டர் என்பதால் நாலைந்து நிமிடத்தில் டேங்க் காலி, பேட்டரி பாதி மிச்சம். அந்தப் பாதியை நம்பி மறுபடி முழு டேங்கோடு ஏற்றினால் நடுவயலில் இறங்கும். நிரப்பும்போதெல்லாம் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.