ஆன்லைன் விற்பனையில் காப்பி அடிப்பவர்களோடு ஐந்து வருஷம்: என் அனுபவம்

கரூரில் இருந்து மேசை விரிப்பும் ஏப்ரனும் ஆன்லைனில் விற்க ஆரம்பித்தது 2020-ல். முதல் வருஷம் நன்றாகப் போனது. அடுத்த வருஷம் திடீரென்று ஒற்றை ஸ்டாராக விழ ஆரம்பித்தது. ‘முதல் துவைப்பிலேயே சாயம் போச்சு’ என்று ஒரு அம்மா படத்தோடு எழுதியிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாங்கள் ஓரத்தை இரண்டாக மடித்துத் தைப்போம். அதில் வெறும் ஓவர்லாக் அடித்து விட்டிருந்தது. எங்கள் துணியே இல்லை.

வேறொரு செல்லர் எங்கள் லிஸ்டிங்கிலேயே, அதாவது பொருளை விற்கும் எங்கள் பக்கத்திலேயே, ஒட்டிக்கொண்டிருந்தார். பெயர், படம், ரேட்டிங் எல்லாம் எங்களுடையது. விலை மட்டும் 40 ரூபாய் குறைவு. ஆர்டர் எல்லாம் அவருக்குப் போனது, திட்டு எங்களுக்கு வந்தது.

விற்பனைத் தளத்திடம் புகார் கொடுத்தால் முதல் கேள்வியே டிரேட்மார்க் நம்பர்தான், அதாவது பிராண்ட் பெயரைச் சட்டப்படி பதிந்த எண். எங்களிடம் இல்லை. அன்றே புகாரை மூடிவிட்டார்கள். உடனே விண்ணப்பித்தோம். ஆன்லைனில் போட்டால் தனிநபருக்கும் சிறு தொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய். மேசை விரிப்பு 24-ஆம் வகுப்பு. ஏப்ரன் உடுப்பு என்பதால் 25, அதற்குத் தனிக் கட்டணம். டிரேட்மார்க் அலுவலகம் வெளியிடும் ஜர்னலில் வந்த பிறகு யாராவது எதிர்க்கிறார்களா என்று நாலு மாதம் காத்திருக்க வேண்டும். பதிவானால் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. நம்பர் கையில் வந்ததும் நிலைமை மாறியது. நாமே ஒன்று ஆர்டர் போட்டு, பிரிக்கும்போது வீடியோ எடுத்து, ஆர்டர் நம்பரோடு அனுப்பினால் இரண்டு மூன்று நாளில் ஆளைத் தூக்கிவிடுகிறார்கள். இந்த இடத்தில் அந்தத் தளத்தை மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் டிரேட்மார்க் பெயரைத்தான் காக்கும். எங்கள் கட்டம் போட்ட டிசைனை இன்னொருவர் தன் பெயரிலேயே நெய்து விற்றபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. டிசைனைச் சந்தைக்கு விடும் முன்பே பதிந்திருக்க வேண்டுமாம். அப்படி ஒரு பதிவு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பெரிய அடி 2023 தீபாவளிக்கு முன்பு விழுந்தது. எங்கள் படங்கள் தன்னுடையவை என்று போட்டிக்காரர் ஒருவர் காப்பிரைட் புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்காமலே லிஸ்டிங்கை இறக்கினார்கள். பதினோரு நாள். கட்டி வைத்த சரக்கு குடோனில் கிடந்தது, தையல்காரர்களுக்குப் போனஸ் தர நகை அடகுக்குப் போனது.

காப்பாற்றியது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. படத்தில் அதன் இடது மூலை சிம்பு பெயர்ந்திருக்கும். அதே மூலையைப் புதிதாகப் படமெடுத்து, செல்போனில் இருந்த பழைய ஒரிஜினல் ஃபைல்களோடு வக்கீலிடம் கொடுத்தேன். ஆதாரமில்லாமல் காப்பிரைட் மிரட்டல் விடுபவர் மீது, காப்பிரைட் சட்டம் 60-ஆவது பிரிவின்படி நாமே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாமாம். வக்கீல் அதைச் சொல்லி போட்டிக்காரருக்கு நோட்டீஸ் விட்டார். நாலாம் நாள் அந்தப் போட்டிக்காரர் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

2022-ல் ஃபிளிப்கார்ட் தொடர்பான ஒரு வழக்கில், பிராண்ட்காரரின் சம்மதம் இல்லாமல் அவருடைய லிஸ்டிங்கில் மற்ற செல்லர்கள் ஒட்டிக்கொள்ள விடக்கூடாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொன்னது. இதை நம்மைப் போன்ற சின்ன செல்லர்கள் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம்கூட ஒருவர் ஒட்டினார். மூன்றாம் நாள் போய்விட்டார். ஆனால் 2021-ல் யாருடைய துணிக்கோ விழுந்த அந்த ஒற்றை ஸ்டார்கள் இன்னும் எங்கள் பெயரில்தான் இருக்கின்றன. நீக்கச் சொல்லி ஏழு முறை எழுதிவிட்டேன்.