போர் ப்ளேட்டா, ஸ்ப்ரெட் ப்ளேட்டா?

ஒரு திரவ மாதிரியில் எத்தனை பாக்டீரியா உயிரோடு இருக்கின்றன என்று எண்ண வேண்டும். பெட்ரி டிஷ் தயார், பாக்டீரியா வளர்க்கும் ஜெல்லியான அகாரும் தயார். மாதிரியை அகாருக்குள் கலப்பதா, அகாரின் மேல் தடவுவதா?

உள்ளே கலப்பது போர் ப்ளேட் (pour plate, ஊற்றும் முறை). காலி டிஷ்ஷில் 1 மில்லி மாதிரியை விட்டு, உருகிய அகாரை அதன்மேல் 15 முதல் 20 மில்லி ஊற்றி, மெல்லச் சுழற்றி உறைய விடுவார்கள். அகாருக்கு ஒரு வசதியான குணம் உண்டு: உருக 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், ஆனால் உருகியபின் 40 டிகிரி வாக்கில் வரும்வரை உறையாது. அதனால்தான் 45 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் அதைத் திரவமாகவே வைத்திருக்க முடிகிறது. சிக்கலும் அங்கேதான். குளிரில் வளர்ந்து பழகிய சில பாக்டீரியாக்களுக்கு அந்தச் சூடே ஆகாது. எண்ணிக்கை குறைந்து காட்டும்.

மேலே தடவும் ஸ்ப்ரெட் ப்ளேட்டில் அந்தத் தொல்லை இல்லை. உறைந்த அகாரின் மேல் 0.1 மில்லி விட்டு, ஆல்கஹாலில் முக்கித் தீயில் காட்டி ஆறவைத்த எல் வடிவக் கண்ணாடிக் கம்பியால் பரப்பினால் போதும். காலனிகள், அதாவது பாக்டீரியா பெருகி உருவாகும் புள்ளிகள், எல்லாம் மேற்பரப்பில் வளரும். நிறம், ஓரம், பளபளப்பு எல்லாம் பளிச்சென்று தெரியும். பிடித்த காலனியை லூப் என்ற வளைய முனைக் கம்பியால் தொட்டு எடுத்துக்கொள்ளலாம். போர் ப்ளேட்டில் பாதிக்கு மேல் உள்ளே புதைந்து, சின்ன லென்ஸ் போலத்தான் தெரியும். ஒன்றை எடுக்க அகாரைக் குத்தித் தோண்ட வேண்டும்.

அப்படியானால் ஸ்ப்ரெட்டே போதுமே? பெரும்பாலும் ஆமாம். என் ஓட்டும் அதற்குத்தான். ஆனால் மாதிரி கிட்டத்தட்ட சுத்தமாக இருந்தால் கதை மாறும். ஒரு மில்லியில் 5 பாக்டீரியா இருக்கிறதென்றால், போர் ப்ளேட்டில் சுமார் 5 காலனி வரும், 0.1 மில்லி தடவிய ப்ளேட்டில் பல சமயம் ஒன்றுமே வராது. குடிநீர்ச் சோதனையில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. புரோட்டியஸ் மாதிரி மேற்பரப்பு முழுக்கப் படர்ந்து மற்றவற்றை மூடிவிடும் ஆசாமிகளையும் போர் ப்ளேட் ஓரளவு அடக்கி வைக்கும்.

இன்னொன்று, கொஞ்சம் வேடிக்கையானது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா சுரக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்ற நச்சு ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். ஆகவே ரத்தம் கலந்த அகாரில் அது சிவப்பணுக்களைச் சிதைப்பதைப் பார்க்க, புதைந்த காலனிதான் உதவும்.

இரண்டுக்கும் பொதுவான கணக்கு: மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, 30 முதல் 300 காலனி வரை வந்த ப்ளேட்டை மட்டும் எண்ணுவது வழக்கம். ஸ்ப்ரெட் செய்பவர்கள் ப்ளேட்டை முன்கூட்டியே உலர்த்த மறக்கக் கூடாது. மேலே ஈரம் நின்றால் காலனிகள் ஒன்றோடொன்று ஓடிச் சேர்ந்துவிடும், எண்ணவே முடியாது. எண்ணிக்கையே வேண்டாம், ஒரே இனத்தைத் தனியாகப் பிரித்தால் போதும் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு லூப்பால் அகார் மேல் கோடுகளாக இழுத்து ஸ்ட்ரீக் செய்யுங்கள்.